பொறுப்பாளர் கையெழுத்து

போடியில் நான் வேலை பார்த்த ஏலக்காய்க் கடையின் வருகைப் பதிவேட்டில் ஒவ்வொரு பெண்ணின் பெயருக்குப் பக்கத்திலும் இன்னொரு கட்டம் உண்டு. அதன் தலையில் 'பொறுப்பாளர்' என்று எழுதியிருக்கும். புருஷன், தகப்பன், அண்ணன், மாமனார் என்று யாராவது ஓர் ஆம்பிளையின் பெயர் அதில் இருந்தாக வேண்டும். வேலைக்குச் சேரும்போது அந்த ஆள் வந்து கையெழுத்துப் போட வேண்டும். வேலையிலிருந்து நிற்கும்போதும் அவர்தான் வந்து போட வேண்டும். நடுவில் அந்தப் பெண் ஏதாவது தப்புச் செய்தால் அவளிடம் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பொறுப்பாளரைக் கூப்பிட்டுச் சொல்வார்கள். 'வீட்டுக்குச் சொல்லிவிடுறது' என்று அதற்குப் பெயர். எங்கள் முதலாளி கண்டுபிடித்த வழக்கம் இல்லை அது. அவர் அப்பா காலத்திலேயே இருந்ததாம்.

மேற்பார்வை பார்த்த எனக்கும் அந்தக் கட்டம் இருந்தது. அதில் என் அப்பா பெயர். சேர்ந்த புதிதில் ஒருமுறை மூட்டைகளுக்குச் சீட்டை மாற்றிக் கட்டிவிட்டேன். முதலாளி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பாவுக்கு ஆள் அனுப்பினார். அப்பா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டுவிட்டுப் போனார். எட்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. முதலாளி என்னைக் கூப்பிட்டு நாலு திட்டுத் திட்டியிருந்தால் அழுதிருப்பேன். அழுதுகொண்டே சீட்டையும் சரியாகக் கட்டியிருப்பேன். அதோடு முடிந்திருக்கும்.

அதனால், அந்த வழக்கம் எப்படி வலிக்கும் என்று தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. தெரிந்துதான் செய்தேன். ஒரு முறை இல்லை, இரண்டு முறை.

எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்திரண்டு வயது. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் என்பதால் சீட்டு எழுதவும் நாற்பது பெண்களைக் கவனிக்கவும் என்னை எடுத்திருந்தார்கள். அப்பாவுக்கு மூச்சிரைப்பு. எனக்குக் கீழே இரண்டு தங்கச்சிகள். என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகையில் பெண்கள் இரண்டு வரிசையாகச் சாக்கை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். மலையிலிருந்து வந்த காயைச் சுளகில் கொட்டிப் பச்சை தனி, வெளுத்தது தனி, வெடித்தது தனி என்று பொறுக்குவார்கள். விலை கூடின சரக்கு என்பதால் சாயங்காலம் ஒவ்வொருத்தியும் வாசலில் நின்று சேலை மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் தெருவில் கால் வைக்க முடியும். ஏலக்காய் வாசத்தைப் பற்றி ஊரார் பெருமையாகப் பேசுவார்கள். எனக்கு இன்றைக்கும் பாயசத்தில் ஒரு காய் கடிபட்டால் துப்பிவிடத் தோன்றும்.

நான் அப்படிச் செய்தது ஒருத்திக்கு. அவள் முன்வரிசையில், தூணை ஒட்டி, என் மேஜையிலிருந்து பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒடிசலான உடம்பு. பொறுக்குவதில் அவளுக்கு ஈடு கிடையாது. கண் ஒரு பக்கம் இருக்கும், வாய் இன்னொருத்தியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும், விரல்கள் தாமாகக் காயைப் பிரித்துத் தள்ளிக்கொண்டிருக்கும். மற்றவர்கள் ஒரு சுளகு முடிப்பதற்குள் அவள் இரண்டை முடித்திருப்பாள்.

ஆனால் அந்த வாய் இருக்கிறதே! கடையில் பட்டப்பெயர் இல்லாத ஆள் கிடையாது. முதலாளி 'ஊறுகாய்'. தடித்த கண்ணாடி போட்ட தரகர் 'ஆந்தை'. நான் 'டீச்சரம்மா'. மடி உதறும் இடத்தில் தினமும் ஒரு கூத்து நடக்கும். "மடிய மட்டும் பாத்தாப் போதுமா? வயித்தையும் கீறிப் பாத்துரு ஆத்தா. காலைல குடிச்ச கஞ்சிதேன் இருக்கும், வேணும்னா நீயே எடுத்துக்க" என்பாள். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

அவளை நல்லவளாகக் காட்ட நான் இதை எழுதவில்லை. அவள் வாய் சும்மா கிடந்தவர்களையும் கடித்தது. திக்கித் திக்கிப் பேசுகிற ஒருத்தி புதிதாக வந்தாள். அவளைப் போலவே பேசிக் காட்டி, எல்லாரையும் சிரிக்க வைத்து, இரண்டே வாரத்தில் வேலையைவிட்டே ஓடவைத்துவிட்டாள். சுளகை நகர்த்தி வைத்த பாவத்துக்குப் பக்கத்துச் சாக்குக்காரியின் மாமியார்வரை இழுத்து ஏசினாள். அவளுக்குப் பக்கத்தில் உட்கார மாட்டோம் என்று மூன்று பேர் என்னிடம் வந்து அழுதார்கள். யாராவது அவளிடம் உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும். அந்த யாராவது நான்தான்.

இன்னொன்றையும் நான் பார்த்திருந்தேன், பார்த்தும் யோசிக்கவில்லை. காலையில் கதவு திறக்கும் முன்பே அவள் வந்து படியில் உட்கார்ந்திருப்பாள். சாயங்காலம் கடைசியாகப் போகிறவளும் அவள்தான். காய்ச்சலானாலும் வருவாள். முதலாளி ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், அதனால் எங்களுக்கு ஞாயிறு லீவு. மற்றக் கடைகளில் வேலை பார்க்கிற பெண்கள் எங்களைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள். அவள் மட்டும் ஒவ்வொரு சனிக்கிழமையும் முணுமுணுப்பாள். "ஞாயித்துக்கெழமையும் தொறந்தா சாமி கண்ணக் குத்திருமாக்கும்." கூலிக்கு ஆலாய்ப் பறக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவளிடம் என்ன சொல்ல வேண்டும் என்று வீட்டில் சொல்லிப் பார்ப்பேன். மாவாட்டும்போது ஆட்டுக்கல்லைப் பார்த்து, "அக்கா, ஒங்க வேலையில ஒரு கொறையும் இல்ல. ஒங்க பேச்சுத்தேன் மத்தவுக மனசப் புண்ணாக்குது. கொஞ்சம் கொறைச்சுக்கங்க" என்பேன். ஆட்டுக்கல் ஒத்துக்கொள்ளும். காலையில் அவள் சுளகுக்கு முன்னால் போய் நின்று "அக்கா" என்பேன். அவள் நிமிர்ந்து பார்ப்பாள்.

"என்ன டீச்சரம்மா, தொண்டையில காய் சிக்கிருச்சா?"

வரிசை முழுக்கச் சிரிக்கும். "ஒண்ணுமில்லக்கா, சாக்கு மடங்கிக் கெடக்கு" என்று எதையாவது சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். மூன்று தடவை இப்படி ஆயிற்று. ஊமை ஊரைக் கெடுக்கும் என்று என் அம்மா என்னை வைவாள். பெற்றவளுக்குத் தெரியாதா?

இப்படியே போயிருந்தால்கூட ஒன்றும் கெட்டிருக்காது. பம்பாயிலிருந்து ஒரு சேட் சரக்குப் பார்க்க வந்தார். முதலாளியும் தரகரும் அவரை வரிசைக்கு நடுவில் அழைத்து வந்தார்கள். சேட் அவள் சுளகில் கையைவிட்டு ஒரு கைப்பிடி அள்ளினார். ஒன்றைக் கடித்துத் தோலைத் தரையில் துப்பிவிட்டு, மிச்சத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவள் சத்தமாகச் சொன்னாள்.

"மொதலாளி, போகும்போது இவுகளையும் மடிய உதறச் சொல்லுங்க."

நாற்பது பெண்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதை மறைக்க மாட்டேன். இந்தப் பெண் என்ன சொன்னாள் என்று சேட் தரகரைக் கேட்டார். தரகர் முழித்தார். சேட்டுக்குப் பாஷை தெரியாவிட்டாலும் சிரிப்புத் தெரியுமே. முகம் சிவந்து வெளியே போய்விட்டார். அன்றைக்கு வியாபாரம் படியவில்லை.

முதலாளி அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக என் மேஜைக்கு வந்தார். "சனிக்கெழமை அவ வீட்டுக்காரர் வருவாருல்ல, சொல்லிரு. அவ வாய் அடங்கணும்" என்றார். இரண்டடி போய்விட்டுத் திரும்பினார். "ஒன்னால முடியலேன்னா ஒங்கப்பாவ வரச் சொல்லு."

அவள் புருஷன் ஒரு மர டிப்போவில் ராக்காவல். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் வேலைக்குப் போகிற வழியில் அவளைப் பார்க்க வருவார். வெள்ளைச் சட்டை, எண்ணெய் தடவி வாரிய தலை, கையில் குடை. என்னைவிட எவ்வளவோ மூத்தவர், ஆனாலும் 'நீங்க' போட்டுத்தான் பேசுவார். ஒவ்வொரு வாரமும் கதவோரம் நின்று, "எப்பிடி வேலை பாக்குறா தங்கச்சி? ஏதும் கொறை உண்டுமா?" என்று கேட்பார். நானும் "கொறை ஒண்ணுமில்லண்ணே" என்பேன். இப்படி ஒரு தங்கமான மனுஷனுக்கு இப்படி ஒரு வாயாடியா என்று நாங்கள் எல்லாரும் அவருக்காக வருத்தப்பட்டிருக்கிறோம்.

அந்தச் சனிக்கிழமை அவர் கேட்டதும் சொல்லிவிட்டேன். அவளிடம் மூன்று முறை வராத வார்த்தை அவரிடம் தண்ணீராய் வந்தது. பட்டப்பெயர், திக்குவாய்ப் பெண், சேட், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். முகத்தில் கோபமே இல்லை.

"நல்லவேளை சொன்னீக. நீங்க சொல்லாட்டி எனக்கு எப்பிடித் தெரியும்? நான் பாத்துக்கிறேன்."

மடி உதற வந்தவள் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டாள். "என்ன, என்ன பேச்சு அங்கன?" என்று சிரித்துக்கொண்டே வந்தாள். அந்தச் சிரிப்பில் சத்தம் மட்டும்தான் இருந்தது. அன்றைக்கு அவள் ஒரு வார்த்தை பேசாமல் மடியை உதறினாள்.

திங்கட்கிழமையும் பேசவில்லை. முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொட்டகையில் காய் சுளகில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. பின்வரிசைக் கிழவி ஒருத்தி என் பக்கம் வந்து, "நல்ல மருந்துதேன் குடுத்திருக்க ஆத்தா" என்றாள். முதலாளி, "தேறிட்ட" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

வேடிக்கை என்னவென்றால், அவள் அடங்கிய பிறகு யாரும் சந்தோஷமாக இல்லை. அவளைப் பற்றி என்னிடம் அழுத மூன்று பேரும் அவள் முகத்தை முகத்தைப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எங்களில் பாதிப் பேருக்காவது அந்த மருந்தின் ருசி தெரியும். தெரிந்த விஷயத்தை எதற்குக் கேட்பது என்று எல்லாரும் அவரவர் சுளகைப் பார்த்துக்கொண்டோம்.

இரண்டு வாரம் கழித்து அவள் சுளகில் பச்சையோடு வெளுத்ததும் கலந்து வந்தது. அதுவரை நடக்காத விஷயம். போய்ப் பார்த்தேன். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. இடது கையால் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "அக்கா" என்றேன். நிமிர்ந்து பார்த்தாள். கேலி இல்லை, கிண்டல் இல்லை, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்துக்கொண்டு பார்த்தாள். முன்பாவது அவள் வாய்க்குப் பயந்தேன். இப்போது எதற்குப் பயம்? கேட்டால் அவள் சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். சொல்லிவிட்டால் எனக்கும் அதில் பங்கு இருக்கிறது என்று ஆகிவிடும். பேசாமல் திரும்பி வந்தேன்.

கலந்த சரக்கு இரண்டு மூட்டை திரும்பி வந்தது. முதலாளி மறுபடியும் என்னைப் பார்த்தார். அந்தச் சனிக்கிழமை குடையோடு வந்தவரிடம் சொன்னேன். "காய் கலந்து வருதுண்ணே. கொஞ்சம் கவனமாப் பாக்கச் சொல்லுங்க."

முதல் தடவையை அறியாமை என்று சொன்னால் கடவுள் ஒருவேளை நம்பலாம். இரண்டாவது தடவை அந்த வீங்கின கையைப் பார்த்துவிட்டுச் சொன்னேன். இதற்கு ஒரு சமாதானத்தை ஐம்பது வருஷமாகத் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

"சொல்லீட்டீகள்ல. நான் பாத்துக்கிறேன்" என்றார் அவர்.

திங்களிலிருந்து நான்கு நாள் அவள் வரவில்லை. வெள்ளிக்கிழமை வந்தாள். வலது கையில் மூன்று விரல்களைச் சேர்த்து மூங்கில் சிம்பு வைத்து, முட்டை தடவின துணியால் கட்டியிருந்தது. எலும்பு சேர்வதற்கு நாட்டு வைத்தியர் போடுகிற கட்டு. வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னாள். 'ஆமா, வழுக்கத்தேன் செய்யும்' என்று எல்லாரும் தலையாட்டினார்கள். மத்தியானம்வரை இடது கையால் பொறுக்கிப் பார்த்தாள். அரைச் சுளகுகூட ஆகவில்லை. முதலாளி தூரத்தில் நின்று பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"கை உதவாத ஆள வச்சு என்ன செய்ய? நாளையிலருந்து வர வேணாம்னு சொல்லிரு. நாளைக்கு வீட்டுக்காரர் வந்தாருன்னா கையெழுத்த வாங்கிட்டுப் பேர அடிச்சிரு."

சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் வெளியே போயிருந்தார்கள். அவள் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் போய் அவள் முன்னால் சாக்கில் உட்கார்ந்தேன். அவள் கண்ணைப் பார்த்தேன். அவளிடம் நேருக்கு நேராக ஒரு விஷயத்தை நான் சொன்னது அந்த ஒரு முறைதான்.

"நாளையிலருந்து வர வேணாங்கிறாகக்கா."

பல நாளைக்குப் பிறகு அவள் சிரித்தாள்.

"இதையாச்சும் எம் மூஞ்சியப் பாத்துச் சொன்னியே, டீச்சரம்மா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசினாள். "எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல? பத்தடி தூரத்துலதான இருந்தேன். நீ நாலு வசவு வஞ்சிருந்தா நான் எட்டு வஞ்சிருப்பேன். அம்புட்டுத்தேன். சாயங்காலம் எல்லாம் சரியாப் போயிருக்கும்."

"நீங்க பேச விட்டாத்தான அக்கா" என்றேன். எவ்வளவு அற்பமான பதில்.

"பேசுவேன். வேற எங்க பேசுறது? அவுக ராக்காவல், பகல் பூராம் வீட்டுலதேன். வீட்டுல நான் வாயே தொறக்க மாட்டேன், தெரியுமா ஒனக்கு? என் வீட்டுல வந்து கேட்டுப் பாரு, ஊமச்சின்னு சொல்லுவாக. இங்கன வந்துதேன் பேசுவேன். கொஞ்சம் கூடத்தேன் பேசிட்டேன்." கட்டின் ஓரத்தை இடது கையால் இழுத்துவிட்டாள். "அந்தத் திக்குவாய்ப் பிள்ளைய நான் அப்பிடிச் செஞ்சிருக்கக் கூடாது. நீ சொல்லியிருந்தா அதையும் விட்டிருப்பேன்."

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று நம் ஊரில் சொல்வார்கள். அது யார் வீட்டுப் பிள்ளைக்கோ சொன்னது.

பிறகு அவள் இடது கையால் என் கையைப் பிடித்தாள். "ஒரு ஒதவி செய்யி ஆத்தா. பேர இப்ப அடிக்காத. வேலை போச்சுன்னு அவுகளுக்குத் தெரிய வேணாம். காலைல வழக்கம்போலக் கெளம்பி வந்து பஸ் ஸ்டாண்டுல எங்கிட்டாச்சும் உக்காந்துக்கிறேன். கடை விடுற நேரத்துக்கு வீட்டுக்குப் போயிக்கிறேன். கை கூடட்டும், வேற கடை பாத்துக்கிறேன். அதுவரைக்கும். பகல் பூராம் அந்த வீட்டுக்குள்ள இருக்க முடியாது என்னால."

"சரிக்கா."

"சத்தியமா?"

"சத்தியமா அடிக்க மாட்டேன்."

மறுநாள் முழுக்க ஒரே வாக்கியத்தைத்தான் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். 'கொறை ஒண்ணுமில்லண்ணே, நல்லா வேலை பாக்குறாக.' எத்தனையோ சனிக்கிழமை சொல்லிப் பழகின வாக்கியம்தான். சிரமமில்லை. முதலாளி வழக்கம்போல நாலு மணிக்கு வீட்டுக்குப் போய்விட்டால் போதும். அடுத்த வாரம் அவர் கேட்டால் கையெழுத்து வாங்க மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

அன்றைக்கு முதலாளி போகவில்லை. ஏதோ லாரிக்காகக் காத்துக்கொண்டு என் மேஜைக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். கடை விடக் கால் மணி நேரம் இருக்கும்போது அவள் புருஷன் வந்தார். குடையைக் கதவில் சாய்த்து வைத்தார்.

"ஏதும் கொறை உண்டுமா தங்கச்சி?"

நான் வாயைத் திறந்தேன். "கொறை ஒண்ணும்..." என்றுகூட ஆரம்பித்தேன் என்று நினைக்கிறேன்.

"அந்தக் கையெழுத்த வாங்கிட்டியாம்மா?" என்றார் முதலாளி, தெருவைப் பார்த்தபடியே.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பதிவேடு உள்ளே இருக்கிறது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கலாம். என் அப்பா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பது என் கண்ணுக்குள் தெரிந்தது. பதிவேட்டைத் திருப்பி அவள் புருஷன் பக்கம் வைத்தேன். விரல் தானாக அந்தக் கட்டத்தைக் காட்டியது. அவள் பெயருக்கு நேராக, 'வேலையிலிருந்து நின்றது' என்று நேற்றே முதலாளி தன் கையால் தேதி போட்டு எழுதி வைத்திருந்தார். புருஷன் அதைப் படித்தார். நிதானமாக, அழகான எழுத்தில் கையெழுத்துப் போட்டார்.

"நேத்தா நிப்பாட்டுனீக?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன்.

"இன்னைக்குக் காலைல வேலைக்குன்னு கெளம்பிப் போனாளே" என்றார். அப்புறம் பேனாவை மூடி என்னிடம் நீட்டினார். "சரி. நான் பாத்துக்கிறேன்."

கடை விட்டது. பெண்கள் ஒவ்வொருத்தியாக மடியை உதறிவிட்டுப் போனார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து பின்வாசல் வழியாக எப்போது உள்ளே வந்தாளோ, வரிசையில் கடைசி ஆளாக அவள் நின்றாள். புருஷன் கதவோரம் நிற்பதைப் பார்த்துவிட்டு, நாள் முழுக்க அங்கே உட்கார்ந்து பொறுக்கியவள் மாதிரி முன்னால் வந்து, ஒற்றைக் கையால் வெறும் மடியை உதறிக் காட்டினாள். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். நான் வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்று நம்பிய சிரிப்பு அது. அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை.

அவர் குடையை எடுத்துக்கொண்டு, "வா, போவோம்" என்றார்.